லூபாலினின் 'ஓ'வும் தாராவி மாணவியின் 'அன்னை'யும்

அமெரிக்க வரைகலை வடிவமைப்பாளர் ஹெர்ப் லூபாலின் 1965-இல் 'மதர் அண்ட் சைல்ட்' என்ற இதழுக்காக ஒரு முகப்புத் தலைப்பை அமைத்தார். அவர் எண்ணியதை எழுத்தாக வரைந்து கொடுத்தவர் டாம் கார்னேஸ். அந்த இதழ் கடைசிவரை வெளிவரவே இல்லை. தலைப்போ 60 ஆண்டுகள் கடந்தும் எழுத்துக்கலை வகுப்புகளில் தவறாமல் காட்டப்படுகிறது. 'மதர்' என்ற சொல்லில் வரும் 'ஓ' எழுத்தின் வட்டத்துக்குள், நாம் கடைப் பெயர்களில் 'அண்டு கோ' என்று வாசிக்கும்போது பார்க்கிற ஆம்பர்சண்ட் குறி சுருண்டு படுத்திருக்கிறது. அந்தக் குறியின் வளைவுக்குள் 'சைல்ட்' என்ற சொல் மிகச் சிறியதாக அமர்ந்திருக்கிறது. கருவறையில் குழந்தை என்று ஒரு நொடியில் புரிந்துவிடும். படம் எதுவும் வரையாமல் எழுத்தாலேயே அதைச் சொன்னதுதான் லூபாலினின் சாதனை என்று பாடங்கள் சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்தேன்.

மும்பையில் விளம்பர எழுத்து வேலை பார்த்துக்கொண்டே, வாரத்தில் ஒரு நாள் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் எழுத்துக்கலை வகுப்பும் எடுக்கிறேன். இந்த ஆண்டு நான் கொடுத்த பயிற்சி எளிமையானது. புகழ்பெற்ற எழுத்தோவியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் கண்ணுக்குத் தெரிவது என்ன என்பதை முதலில் எழுத வேண்டும். பிறகு தத்தம் தாய்மொழியின் எழுத்தில் அதற்கு ஒரு பதிலை வரைய வேண்டும். நகல் வேண்டாம், பதில் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். வகுப்பில் மராத்தி, குஜராத்தி, இந்தி, மலையாளம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழுக்கு ஒரே ஒரு மாணவிதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பம். ஆங்கிலவழியில் படித்தவர், தமிழ் எழுத்தை ஆச்சியிடமும், நைன்டி ஃபீட் ரோட்டின் கடைப் பலகைகளிலும் கற்றுக்கொண்டவர். அவர் எடுத்துக்கொண்டது லூபாலினின் தலைப்பு. அவர் அதை வாசித்த விதமும், வாசிப்பிலிருந்து வரைந்த விதமும் என்னை இன்னும் விடாமல் பிடித்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அவருடைய வாசிப்பு. கருவறை என்பதை அவர் இரண்டு வரியில் கடந்துவிட்டார். அது சரிதான், ஆனால் அது எல்லோருக்கும் தெரிவதால் அதன்மேல் எழுத தன்னிடம் ஒன்றுமில்லை என்று குறித்திருந்தார். அவருடைய கவனம் முழுவதும் ஆம்பர்சண்டின் மேல் இருந்தது. தாய் என்ற சொல் பெரியது, குழந்தை என்ற சொல் சிறியது. இரண்டுக்கும் இடையில் நிற்கும் இந்தக் குறிதான் தாயின் உள்ளே இருந்துகொண்டு குழந்தையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்தப் படைப்பில் உறவைச் சுமப்பது 'ஓ' இல்லை, ஆம்பர்சண்ட்தான் என்பது அவர் வாதம். 'ஓ'வை எடுத்துவிட்டு அந்தக் குறியை மட்டும் தனியே வைத்துப் பார்த்தாலும் அணைப்பு இருக்கிறது. குறியை எடுத்துவிட்டு 'ஓ'வுக்குள் 'சைல்ட்' என்ற சொல்லை மட்டும் வைத்தால் ஒரு பெட்டிக்குள் போட்ட பொருளாகத்தான் தெரிகிறது. இதைச் சொல்வதற்காக அந்தத் தலைப்பை நகலெடுத்து, கத்தரித்து, இரண்டு வகையாகவும் ஒட்டிக் காட்டியிருந்தார். ஒட்டிய தாளைப் பார்த்தபோது எனக்கு மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த பக்கத்தில் அவர் இன்னும் ஒரு படி உள்ளே போயிருந்தார். ஆம்பர்சண்ட் என்பது தனியாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறி அன்று. இலத்தீன் மொழியில் 'எட்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளும், விரைந்து எழுதும் கையில் ஒன்றோடொன்று ஒட்டி, நூற்றாண்டுகளின் போக்கில் ஒரே உருவமாகிவிட்டன. ஆகவே அதுவே ஒரு கூட்டெழுத்து. இரண்டு உயிர்கள் சேர்ந்திருப்பதைச் சொல்ல லூபாலின் கையாண்ட குறி, இரண்டு எழுத்துகள் சேர்ந்ததால் பிறந்த குறி. லூபாலின் இதை எண்ணித்தான் செய்தாரா என்ற கேள்வியை அந்த மாணவி எழுப்பவே இல்லை. எழுப்பாதது நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் வடிவத்தில் இருப்பதைக் காண்பதற்கு வரைந்தவரின் அனுமதி தேவையில்லை. அவருக்குத் தேவைப்பட்டது அடுத்த கேள்வி மட்டும்தான்: தமிழில் ஆம்பர்சண்ட் கிடையாது, ஆனால் ஒட்டிப் பிறந்த எழுத்து இருக்கிறதா?

அந்தக் கேள்விக்கு வந்து சேருமுன் அவர் வேறு வழிகளில் போய்த் திரும்பியிருந்தார். முதலில் 'தாய்' என்று எழுதி, யகரத்தின் தலையில் இருக்கும் புள்ளியைப் பெரிய வளையமாக்கி, அதற்குள் 'சேய்' என்பதை வைத்திருந்தார். லூபாலினின் 'ஓ'வைத் தூக்கி யகரத்தின்மேல் வைத்தது போலத்தான் இருந்தது. அவரே அதன் குறுக்கே கோடு போட்டுவிட்டார். அடுத்து 'அம்மா'. இந்தச் சொல்லைக் கையில் எடுத்ததும், இதில் உயிரெழுத்து, மெய்யெழுத்து, உயிர்மெய்யெழுத்து மூன்றும் இருக்கின்றன என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அது மேடையில் கைதட்டு வாங்கும் செய்தி. எழுத்தின் உருவத்துக்கு அது எதையும் கொடுப்பதில்லை. அவர் அதையும் விட்டுவிட்டார்.

வழி கிடைத்தது ஆச்சியின் கணக்கு நோட்டில். இட்லி அவித்துக் கூடையில் சுமந்து விற்ற காலத்தில் ஆச்சி எழுதிய நோட்டு அது. அட்டை போய், எண்ணெய் ஊறி, ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. மாணவி அதை வகுப்புக்கே கொண்டுவந்து ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். அதில் நீல மையில் 'வாழை இலை' என்று எழுதி, பக்கத்தில் காசு குறித்திருந்தது. அந்த இரண்டு சொற்களை உற்றுப் பார்க்கச் சொன்னார். 'வாழை' என்பதில் உள்ள ஐகாரக் குறி இன்று நாம் எழுதுகிற அதே இணைக் கொம்பாக ழகரத்துக்கு முன்னால் தனியே நிற்கிறது. 'இலை' என்பதிலோ கொம்பே இல்லை. லகரத்தின் முன்பக்கத்திலிருந்தே ஒரு கோடு மேலே எழுந்து வளைந்து நிற்கிறது. பெரியவர்கள் தும்பிக்கை போட்ட 'லை' என்று சொல்வார்களே, அந்த 'லை'. ஒரே வரியில், ஒரே கையில், ஒரே ஒலிக்கு இரண்டு உருவங்கள்.

"இந்தக் கொம்பு தனியா நிக்கலியே சார், அந்த எழுத்தோட உடம்புல இருந்தே வருதுல்லா" என்றார்.

நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பழைய தமிழ் எழுத்துமுறையில் ண, ல, ள, ன ஆகிய நான்கு எழுத்துகளும் ஐகாரம் ஏறும்போது மட்டும் இந்தத் தும்பிக்கையைப் பெற்றன. மற்ற மெய்களுக்கு இன்றுள்ள கொம்புதான். அதேபோல ணா, றா, னா ஆகியவற்றிலும், அவற்றின் ஒகர ஓகார வரிசைகளிலும், கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழித்துச் சேர்ந்திருந்தது. மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் இவற்றைப் பிரித்து, மற்ற எழுத்துகளைப் போலவே அச்சிடத் தொடங்கினார். பல ஆண்டுகள் கழித்து, அவருடைய நூற்றாண்டையொட்டி 1978-இல் எம்.ஜி.ஆர். தலைமையிலான தமிழ்நாடு அரசு அதை ஆணையாகவே பிறப்பித்தது. அச்சகத்துக்கு வார்க்க வேண்டிய அச்சுகள் குறைந்தன, தட்டச்சுக்கு விசைகள் குறைந்தன, பிள்ளைகள் தனியே நினைவில் வைக்க வேண்டிய விதிவிலக்குகள் போயின. அந்தச் சீர்திருத்தம் சரியானது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. ஆச்சியைப் போன்றவர்களின் கை மட்டும் தான் முதலில் கற்றதையே கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தது.

இங்கே இரண்டு வரலாறுகள் எதிரெதிர்த் திசையில் நடந்திருப்பதை அந்த மாணவியின் குறிப்பைப் படித்த பிறகுதான் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஈய அச்செழுத்து ஒவ்வொன்றும் ஒரு சிறு உலோகக் கட்டையின் தலையில் நிற்பதால், பக்கத்து எழுத்தின் எல்லைக்குள் அது எளிதில் நுழைய முடியாது. இரண்டும் சேர வேண்டுமென்றால் சேர்த்தே வார்த்தாக வேண்டும். படச்சுருளில் இருந்த எழுத்தை ஒளியால் தாளில் பதிக்கும் முறை அமெரிக்காவில் பரவியபோது அந்தக் கட்டாயம் அற்றுப்போனது. எழுத்துகளை நெருக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றலாம், ஒட்டலாம். லூபாலின் அந்த விடுதலையை முழுதாக எடுத்துக்கொண்டவர். 'அவாண்ட் கார்ட்' இதழுக்கு அவர் அமைத்த தலைப்பும், அதிலிருந்து 1970-இல் கார்னேஸுடன் சேர்ந்து உருவாக்கிய எழுத்துருவும் கூட்டெழுத்துகளால் நிறைந்தவை. அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் எங்கே ஒட்டுவது, எங்கே விடுவது என்று பாராமல் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டி அந்த எழுத்துருவைக் கெடுத்தார்கள் என்பது வேறு விஷயம். அங்கே எழுத்துகள் ஒட்டத் தொடங்கிய அதே காலத்தையொட்டித்தான், நம் பக்கத்தில் ஒட்டியிருந்த எழுத்துகள் பிரிக்கப்பட்டன. இரண்டுக்கும் காரணம் அச்சுதான், ஆனால் அச்சின் தேவை இரண்டு இடத்திலும் வேறாக இருந்தது.

இனி அவருடைய ஓவியம். ஒரு பெரிய தாளில், மராத்தியர்கள் போரு என்று சொல்லும் நாணல் பேனாவால், கறுப்பு மையில் 'அன்னை' என்று எழுதியிருக்கிறார். மூன்றாம் எழுத்து பழைய 'னை'. ரெண்டு சுழி னகரத்தின் முதல் சுழியிலிருந்து கோடு மேலே கிளம்பி, மற்ற எழுத்துகளின் உயரத்தைத் தாண்டி, இடப்பக்கமாக வளைந்து இறங்குகிறது. இறங்கும் இடத்தில்தான் முந்தைய எழுத்தான 'ன்' இருக்கிறது, அதன் தலையில் புள்ளி இருக்கிறது. பழைய எழுத்தில் இந்தச் சொல்லை எழுதினாலே தும்பிக்கையின் நுனி புள்ளியின் பக்கத்தில்தான் வந்து நிற்கும். ஆச்சியின் கையெழுத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும். மாணவி செய்தது, அந்தத் தும்பிக்கையைச் சற்று நீட்டி, புள்ளியின் மேலே குடைபோலக் கவியாமல், அதன் பின்புறமாக வந்து தொடாமல் நிற்கும்படி வளைத்ததுதான். புள்ளியைச் சிறு வளையமாக விடாமல், மையை நிறுத்தி முழுக்கறுப்பாக வைத்திருக்கிறார். தாளில் மிகக் கனமான கறுப்பு அந்த ஒரு புள்ளிதான். கண் முதலில் அங்கேதான் போகிறது, பிறகு வளைவின் வழியாக மேலே ஏறி, எழுத்தின் உடலுக்குள் இறங்குகிறது.

குழந்தை என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

தேர்வுக்கு வந்த ஆசிரியர்களில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. குழந்தை எங்கே என்றுதான் முதல் கேள்வி வந்தது. அவர் புள்ளியைக் காட்டினார். மராத்தி ஆசிரியர் ஒருவர் உடனே எழுந்து தாளின் அருகே சென்று, தேவநாகரியில் கூட்டெழுத்து எழுதும்போது ஓர் எழுத்து தன் பாதி உடலை இழந்துதான் அடுத்ததோடு சேரும், இங்கே எதுவும் எதையும் இழக்கவில்லையே என்றார். நல்ல கவனிப்பு. தமிழில் அப்படி உருகிச் சேர்ந்த வடிவங்கள் க்ஷ, ஸ்ரீ போல ஒன்றிரண்டுதான் இன்று புழங்குகின்றன. தும்பிக்கை அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது னகரம் முழுதாக இருந்தபடியே நீட்டும் ஓர் உறுப்பு. இதை நான் விளக்குவதற்கு முன்பே மாணவி விளக்கிவிட்டார். லூபாலினின் குழந்தை தாய்க்குள் இருக்கிறது, அதனால் அவருக்கு மூடிய வட்டம் வேண்டியிருந்தது. தன் ஓவியத்தில் குழந்தை பிறந்து வெளியே வந்துவிட்டது, அதுவும் பக்கத்து எழுத்தின் தலையில் நிற்கிறது, அதனால் தனக்குத் திறந்த வளைவு போதும் என்றார். புள்ளி 'ன்' என்ற எழுத்துக்குச் சொந்தம், தும்பிக்கை 'னை' என்ற எழுத்துக்குச் சொந்தம். இரண்டு வெவ்வேறு எழுத்துகளின் உறுப்புகள் நெருங்கி வரும் இடத்தில்தான் உறவு தெரிகிறது.

எனக்கு இதில் முழு உடன்பாடு உண்டு, ஓவியத்தில் இல்லை. இரண்டு இடங்களில் நான் அவரோடு வாதாடினேன்.

ஒன்று, வாசிப்பு. லூபாலினின் தலைப்பை ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் படித்துவிடலாம். படித்த பிறகுதான் உள்ளே இருப்பது கண்ணில் விழுந்து, படிப்பவர் வியக்கிறார். படிக்க முடியாதவருக்கு அந்த வியப்பு கிடைக்காது. பழைய 'னை'யைக் கண்டிராத இளைய தமிழர்கள் இந்தத் தாளின் முன்னால் 'அன்' வரை வந்து நின்றுவிடுகிறார்கள். அவருடைய தம்பியே அப்படி நின்றானாம். அடியில் சிறிதாக இன்றைய எழுத்தில் 'அன்னை' என்று எழுதிவிடலாம் என்று ஒரு ஆசிரியர் சொன்னதற்கு மாணவி ஒப்பவில்லை. அது பலகைக்குக் கீழே விளக்கவுரை மாட்டுவதாகிவிடும் என்றார். அவர் ஒப்பாதது சரி, ஆனால் சிக்கல் தீரவில்லை. நான் சொன்ன வழி வேறு. அகரத்தையும் முதல் னகரத்தையும் இன்னும் நிதானமாக, பாடப்புத்தக எழுத்தைப் போல ஐயமே இல்லாமல் எழுதினால், வாசகரின் கண் அந்த வேகத்திலேயே மூன்றாவது எழுத்தையும் ஊகித்துக் கடந்துவிடும். இப்போது மூன்று எழுத்துகளிலும் பேனாவின் ஆட்டம் ஒரே அளவில் இருப்பதால், எது பழகிய எழுத்து, எது பழகாத எழுத்து என்று கண்ணுக்குப் பிடி கிடைப்பதில்லை. முதல் இரண்டு எழுத்துகள் அடக்கமாக நின்றால்தான் மூன்றாவது நீளும்போது அது தெரிந்தே செய்த நீட்சி என்று புலப்படும்.

இரண்டாவது, அகரம். லூபாலினின் சொல்லில் எந்த எழுத்தும் சும்மா நிற்கவில்லை. நெருக்கமாக அடுக்கப்பட்டு, எல்லாம் சேர்ந்து 'ஓ'வுக்கு இரு பக்கமும் சுவராக நிற்கின்றன. இந்த ஓவியத்தில் முழுக் கதையும் இரண்டாவது, மூன்றாவது எழுத்துகளுக்கு இடையில் முடிந்துவிடுகிறது. அகரம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அகரத்தின் சுழியும், நம் தொழிலில் கவுன்டர் என்று சொல்கிற அதன் உள்வெளியும், னகரத்தின் சுழிகளைவிட இறுக்கமாக விழுந்துவிட்டதால், சொல்லின் இடப்பக்கம் கறுத்து, வலப்பக்கம் வெளுத்துத் தெரிகிறது. புள்ளிதான் தாளிலேயே கனமான கறுப்பாக இருக்க வேண்டும் என்ற அவருடைய சொந்தத் தீர்மானத்தையே அகரத்தின் அடர்த்தி பலவீனப்படுத்துகிறது. இதை அவர் மறுக்கவில்லை. தாளைத் தலைகீழாகத் திருப்பிச் சுவரில் சாய்த்து வைத்து, சொல்லாக வாசிக்க முடியாதபடி வெறும் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தபோது, அவரே அகரத்தின் மேல் விரலை வைத்தார்.

மதிப்பெண் பற்றிப் பேச இங்கே இடமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிற நாட்டு எழுத்தோவியத்தைத் தமிழில் செய்யச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் தமிழ் எழுத்தை நசுக்கி, ஆங்கில எழுத்தின் உருவத்துக்குள் புகுத்துகிறார்கள். ககரத்தை 'எஸ்' போல வளைப்பதும், டகரத்தை 'எல்' ஆக நிறுத்துவதும் சென்னை விளம்பரங்களிலும் மும்பை விளம்பரங்களிலும் அன்றாடம் நடக்கிறது. நானே அப்படிப்பட்ட வேலைகளை வாடிக்கையாளருக்காகச் செய்திருக்கிறேன். இந்த மாணவி மூல ஓவியத்தின் உருவத்தில் ஒரு கோட்டைக்கூட எடுக்கவில்லை. அதன் நடுவிலிருக்கும் குறி எப்படிப் பிறந்தது என்று பார்த்து, அதே வகையில் பிறந்த ஒன்றைத் தமிழ் எழுத்துக்குள் தேடினார். வீட்டு நோட்டில் அது இருந்தது.

கணினி எழுத்துருவாகவும் இதைச் செய்யலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். செய்யலாம். யூனிகோட் என்கிற ஒருங்குறியில் னகரத்துக்கும் ஐகாரக் குறிக்கும் உள்ள குறியீடுகள் மாற வேண்டியதில்லை. அவை இரண்டும் அடுத்தடுத்து வரும்போது எந்த உருவத்தைக் காட்டுவது என்பதை எழுத்துருவே தீர்மானிக்கும். விரும்பியவர் பழைய உருவத்தை வரவழைத்துக்கொள்ளலாம், விரும்பாதவருக்கு இன்றைய உருவமே வரும். இப்போது அவர் லை, ளை, ணை மூன்றையும் வரைந்துகொண்டிருக்கிறார். 'லை' எளிதாக அமைந்துவிட்டது. 'ளை'யில் தும்பிக்கைக்கும் ளகரத்தின் உடலுக்கும் இடைவெளி இன்னும் சரியாக விழவில்லை. இருப்பதில் கடினமானது 'ணை'. மூன்று சுழிகளும் ஏற்கெனவே அகலத்தைத் தின்றுவிடுவதால், தும்பிக்கை எழுந்ததும் எழுத்து இடப்பக்கமாகச் சாய்கிறது. முதல் சுழியைச் சுருக்கி ஒரு வரைவும், கடைசிக் காலை நன்றாக அகற்றி ஒரு வரைவும் அனுப்பியிருந்தார். காலை அகற்றியதையே மேலே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். சுழியைச் சுருக்கினால் சிறிய அளவில் அது னகரமாகத் தெரிந்துவிடும்.